அப்பப்பாவின்ர மொறிஸ் மைனர்: வீட்டில வச்சுத் திருத்த எங்க இருந்து தொடங்கிறது?

பரந்தன் பெடியன்:

வணக்கம் எல்லாருக்கும். அப்பப்பாவின்ர மொறிஸ் மைனர் 1000 ஒண்டு இப்ப எங்கட வளவுக்குள்ள நிக்குது, போன கிழமைதான் வவுனியாவில இருந்து லொறியில ஏத்திக்கொண்டு வந்து இறக்கினனாங்கள். தொண்ணூறுகளில கிளிநொச்சி, மாங்குளம், புதுக்குடியிருப்பு எண்டு வன்னி முழுக்க மண்ணெண்ணெயில ஓடித் திரிஞ்ச கார் இது. 2002இல ஏ9 பாதை திறந்தாப் பிறகு சித்தப்பா வவுனியாவுக்குக் கொண்டுபோய் கொஞ்சக் காலம் ஓடினவர், பேந்து ஒரு தகரக் கொட்டிலுக்கை விட்டது விட்டபடி. அதாலதான் இது மிஞ்சினது, இஞ்சால நிண்ட எங்கட வேற ஒரு வாகனமும் 2009இல சண்டை முடிஞ்சாப் பிறகு எங்களுக்குக் கிடைக்கேல்லை.

நாலு கதவு. சிக்னல் லைற் இல்லை, அதுக்குப் பதிலா கதவுத் தூணுக்குள்ள இருந்து வெளியில நீட்டுற சின்னக் கை இருக்கு, ஒரு பக்கத்தான் முறிஞ்சு போச்சு. கதவுகளின்ர அடிப்பக்கம் கறள். நாலு ரயரும் காய்ஞ்சு வெடிச்சுக் கிடக்கு. பிறேக் பெடலை மிதிச்சா நேர நிலத்தில போய் நிக்குது, பின் சில்லு ஒண்டு இறுகிப்போய் இழுத்துத்தான் லொறியில ஏத்தினது. எஞ்சினில நான் இன்னும் கை வைக்கேல்லை. சீற்றுக்குள்ள எலி கூடு கட்டி எல்லாம் கடிச்சுப் போட்டுது. கார்ப் புத்தகம் பத்திரமா இருக்கு, அப்பப்பாவின்ர பேரில, அவர் இப்ப இல்லை.

என்னட்ட மோட்டார் சைக்கிள் திருத்திற அளவுக்கு சாவிகள், ஒரு கிரைண்டர், ஒரு சின்ன ஆர்க் வெல்டிங் பிளான்ற், ஒரு ஜக் இருக்கு. வேலைக்குப் போறனான், சனி ஞாயிறுதான் நேரம். வீடியோக்களில பாத்தா எல்லாரும் காரை முழுசாக் கழட்டி வெறும் பொடியா நிப்பாட்டித்தான் தொடங்கினம், நானும் அப்பிடித்தான் செய்யோணுமோ? இல்லாட்டி எஞ்சினை முதல் ஓட வச்சுப் பாக்கிறதோ? கண்காட்சிக்கு விடுற கார் எனக்குத் தேவையில்லை. அம்மா அப்பாவை ஏத்திக்கொண்டு வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் பயமில்லாமப் போய் வரக்கூடிய கார் ஆக்கினாக் காணும். தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

வவுனியா ரிங்கர்:

தம்பி, இப்போதைக்கு ஒண்டையும் கழட்டாதேங்கோ. இதை நான் வலுவாச் சொல்லுறன். வீட்டில வச்சுத் திருத்த வெளிக்கிட்ட பழைய காருகளில பாதி, கழட்டின இடத்திலயே முடிஞ்சு போறது எனக்குத் தெரியும், ஒரு மாரி கழிய எந்த போல்ட் எங்க இருந்தது எண்டு தெரியாது, பெட்டி பெட்டியா சாமான், கடைசியில கிலோ கணக்கில இரும்புக்காரனுக்குப் போகும். உங்கட கார் இப்ப ஒரு முழுக் காரா நிக்குது, அதை அப்பிடியே வச்சுக்கொண்டுதான் வேலை செய்யோணும்.

மைனருக்குத் தனிச் சேஸ், அதாவது அடிச்சட்டம், கிடையாது. 1948இல வெளிவந்த இந்தக் காரை அலெக் இசிகோனிஸ் வடிவமைக்கேக்கையே பொடியும் சேஸும் ஒண்டாத்தான் வச்சவர், அதாவது காலுக்குக் கீழ கிடக்கிற தகடுதான் காரைத் தாங்குது. லொறி, ஜீப் மாதிரி பொடி உக்கினாலும் சேஸ் தாங்கும் எண்ட கதை இதுக்குச் சரிவராது. எஞ்சின் எவ்வளவு பழுதெண்டாலும் லேத்துக்குக் கொண்டுபோய்ச் சரிக்கட்டலாம், வேற எஞ்சினும் தேடலாம். அடித்தளம் போனா கார் போச்சு. அதால முதல் சனிக்கிழமை முழுக்க கீழ பாக்கிறதுக்கு மட்டும் வையுங்கோ.

தரையில கிடக்கிற மற், சாக்கு, கோணி எல்லாத்தையும் வெளிய எடுங்கோ. ஈரமா இருந்தா அதுக்குக் கீழ கட்டாயம் கறள். ஒரு சின்னச் சுத்தியல், ஒரு பழைய ஸ்குறூ றைவர், ஒரு ரோச் காணும். தட்டிக்கொண்டு போங்கோ, நல்ல தகடு கணீரெண்டு கேக்கும், உக்கின இடம் டொப் எண்டு செத்த சத்தம் தரும், அங்க ஸ்குறூ றைவரை அமத்திக் குத்துங்கோ, உள்ள போனாப் போகட்டும், இப்ப ஓட்டை விழுறது நல்லதுக்கு. சோக்கட்டியால சுத்தி வட்டம் கீறி வையுங்கோ.

எங்க பாக்கிறது எண்டா, முன் சீற்றுக்குக் கீழ காருக்குக் குறுக்கால ஒரு பெட்டித் தகடு போகும், குறொஸ் மெம்பர், அதுதான் தலையானது. முன் சில்லைத் தாங்கிற முறுக்குக் கம்பி, டோர்ஷன் பார் எண்டுறது, அது பின்னுக்கு வந்து இதின்ர அந்தத்திலதான் பிடிச்சிருக்கு. அந்த முனை உக்கினா ஒரு நாள் பள்ளத்தில விழேக்கை முன்பக்கம் அப்பிடியே இருந்திடும். அடுத்தது கதவுக்குக் கீழ நீட்டுக்குப் போற சில், வெளித்தகடு மாத்திரமில்லை உள்தகடும் அதுக்குள்ள மறைஞ்சு நிக்கிற தகடும். பிறகு பின் வில்லுப் பூட்டியிருக்கிற இடங்கள், பின் சீற்றுக்குக் கீழயும் டிக்கிக்குக் கீழயும். பிறகு ஜக் வைக்கிற இடம். இவ்வளவும் பாருங்கோ. மட்காட், கதவு, பொனற் எல்லாம் போல்டில பூட்டினது, அதுகளின்ர கறளைப் பாத்துப் பயப்பிடாதேங்கோ.

இன்னொண்டு. முந்தி ஆரும் பழைய தகட்டுக்கு மேல புதுத் தகடு வச்சுப் பொத்தி, தார் பூசி விட்டிருப்பினம். தார் தடிப்பாக் கிடந்தா அதைச் சுரண்டுங்கோ. எங்கட பக்கம் அந்தக் காலத்தில கிடைச்ச தகரத்தை வச்சுத்தான் எல்லாரும் ஓட்டினது, செய்தவையில பிழை இல்லை, அப்ப வேற வழி இல்லை. ஆனா அதுக்குள்ள என்ன கிடக்கெண்டு தெரியாம நீங்கள் அதில ஜக் வைக்கக் கூடாது.

காருக்குக் கீழ போறதெண்டா ஜக்கை மட்டும் நம்பிப் போகாதேங்கோ. புளொக் கல்லு வேண்டவே வேண்டாம், சொல்லாமக் கொள்ளாம நொறுங்கும். வன்னியில முதிரைக்கும் பாலைக்கும் என்ன பஞ்சம், மர ஆலையில அகலமான குத்தி நாலு அறுப்பிச்சு அச்சுக்குக் கீழ வையுங்கோ, காரைக் கையால ஆட்டிப் பாத்திட்டு பேந்து உள்ள போங்கோ. வீட்டில ஒராள் நிக்கேக்கை மட்டும்.

பாத்திட்டு வந்து எழுதுங்கோ.

ஹான்டில் மாமா:

ரிங்கர் சொல்லுறது முழுக்கச் சரி, அடியைத்தான் முதல் பாக்கோணும். ஆனா எஞ்சினை அப்பிடியே விட்டிட்டு ஆறு மாசம் வெல்டிங் செய்யிறதிலயும் எனக்கு உடன்பாடில்லை. எஞ்சினுக்கு மருந்து விட்டு ஊற வைக்கிறதுக்கு ஒரு அரை மணித்தியாலம் காணும், அது ஊறட்டும், நீங்கள் கீழ தட்டிக்கொண்டு இருங்கோ.

கை நீட்டுற சிக்னல் எண்டபடியா உங்கட கார் 1956க்கும் 1961க்கும் இடையில வந்தது, அதுக்கு வந்த எஞ்சின் 948 சிசி. 1962இலதான் 1098 வந்தது. எஞ்சின் நம்பர் 9எம் எண்டு தொடங்கினா 948, 10எம்ஏ எண்டு தொடங்கினா ஆரோ பிறகு 1098 மாத்தியிருக்கினம். எங்கட பக்கம் எஞ்சின் மாத்தாத கார் குறைவு. புத்தகத்தில இருக்கிற நம்பரோட ஒத்துப் பாருங்கோ, சேஸ் நம்பர்த் தகடு எஞ்சின் பக்கச் சுவரில இருக்கும், அதையும் பாருங்கோ. ஒத்து வந்தாலும் வராட்டியும், பெரிய காசு இறக்க முன்னம் கச்சேரியில (மாவட்டச் செயலகத்தில) மோட்டார் போக்குவரத்துப் பகுதியில போய், இறந்தவரின்ர பேரில இருக்கிற காரை உங்கட பேருக்கு மாத்த என்னென்ன வேணும் எண்டு கேட்டு அந்த அலுவலைத் தொடங்குங்கோ. காரைப் பளபளப்பாக்கிப் போட்டு றோட்டில ஏத்த ஏலாம நிக்கிறது மனவேதனை.

மண்ணெண்ணெய்க் கதைக்கு வாறன். சண்டைக்காலப் பொருளாதாரத் தடை நேரம் பெற்றோல் தங்கம், சூப்பிப் போத்திலால காபிறேற்றருக்குள்ள நாலு சொட்டுப் பெற்றோல் பீச்சி ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடேறினாப் பிறகு மண்ணெண்ணெய்க்கு மாத்துறது. மைனரும் ஒஸ்ரின் ஏ40 சொமர்செற் கார்களும் அந்தக் காலம் தாக்குப் பிடிச்சதே அதுகளுக்குக் கொம்பிறெஷன், அதாவது பிஸ்டன் காத்தை அமத்திற அளவு, குறைவெண்டபடியால, புதுக் கார் எண்டா இடிச்சு உடைஞ்சிருக்கும். ஆனா மண்ணெண்ணெய் முழுசா ஆவியாகாது. எரியாத மிச்சம் பிஸ்டன் ஓடுற போர்ச் சுவரில இருக்கிற ஒயிலைக் கழுவிக்கொண்டு கீழ சம்புக்கு இறங்கி அங்க இருக்கிற ஒயிலையும் தண்ணியாக்கும். மேல ஹெட்டில கரி கட்டியாப் படியும், பிஸ்டன் றிங் காடிக்குள்ள ஒட்டிப்போகும். அதால உங்கட எஞ்சினில நான் எதிர்பாக்கிறது: போர் தேய்வு, றிங் ஒட்டு, பெயாரிங் தேய்வு. இறுகிப்போயிருந்தாலும் அதிசயமில்லை.

செய்ய வேண்டியது இது. நாலு பிளக்கையும் கழட்டுங்கோ. கழட்ட முதல் சுத்தி இருக்கிற மண்ணை ஊதி விடுங்கோ, இல்லாட்டி உள்ள விழும். ஒவ்வொரு ஓட்டைக்குள்ளயும் ஒட்டோ கியர் பொக்ஸுக்கு விடுற ஏரிஎவ் ஒயிலும் டீசலும் பாதிக்குப் பாதி கலந்து ரெண்டு மூண்டு மேசைக்கரண்டி விடுங்கோ. ஒரு கிழமை விடுங்கோ. பிறகு கியரை நியூற்றலில போட்டு ஹான்டிலால மெதுவா, கொஞ்சம் கொஞ்சமா அசைச்சுப் பாருங்கோ. அசையேல்லை எண்டா திரும்ப விட்டு ஊற வையுங்கோ. பைப் போட்டு நீட்டி முழுப் பலத்தையும் குடுக்காதேங்கோ, லொறியில கட்டி இழுத்து கியரில போடுறது அறவே வேண்டாம், அப்பிடி இழுத்து, பிஸ்டனைப் பிடிக்கிற கொனறொட் வளைஞ்ச எஞ்சினுகளை நான் பிரிச்சிருக்கிறன்.

சுத்தினா பழைய ஒயிலை இறக்கி 20டபிள்யூ50 விடுங்கோ. பிளக் இல்லாம, ஒயில் லைற் நூருமட்டும் ஸ்ராட்டரால சுத்துங்கோ, அதுக்குப் பிறகுதான் நெருப்பைப் பற்றி யோசிக்கிறது. பெற்றோல் தாங்கிக்குள்ள கிடக்கிறது மண்ணெண்ணெயும் பிசினும், அந்தப் பக்கம் போகாதேங்கோ, புதுப் பெற்றோலை ஒரு சின்னக் கானில தொங்கவிட்டுக் குடுங்கோ. டிஸ்ரிபியூற்றருக்குள்ள இருக்கிற பொயின்ற் இடைவெளி 0.38 மில்லிமீற்றர், பிளக் 0.64, வால்வுத் தப்பற் எஞ்சின் குளிரா இருக்கேக்கை 0.30, நெருப்பு ஒழுங்கு 1-3-4-2. பொயின்றை மெல்லிய சீலையால துடைச்சாலே பாதிக் காருக்கு நெருப்பு வரும். காபிறேற்றர் எஸ்யூ எண்ட வகை, மேல இருக்கிற மூடியைக் கழட்டி உள்ள பிஸ்டன் தானா விழுதோ எண்டு பாருங்கோ, பிசின் பிடிச்சு நிக்கும், கழுவிப்போட்டு மெல்லிய ஒயில் கொஞ்சம் விடுங்கோ.

ஓடினாப் பிறகும் கன நேரம் ஓட விடாதேங்கோ. கொம்பிறெஷன் அளந்து நாலும் ஒண்டுக்கொண்டு கிட்ட இருக்கோ எண்டு பாத்து, நீல நிறப் புகையோ வெள்ளைப் புகையோ எண்டு பாத்து, நிப்பாட்டுங்கோ. எஞ்சின் ஓடும் எண்டு தெரிஞ்சாக் காணும், மிச்சம் ரிங்கரின்ர முறை.

றேடியேற்றருக்குக் கிணத்துத் தண்ணி விடக் கூடாது. கிளிநொச்சி வவுனியாத் தண்ணி கேத்திலில என்ன செய்யுது எண்டு வீட்டில கேளுங்கோ. மழைத்தண்ணி பிடிச்சு வச்சு கூலன்ற் கலந்து விடுங்கோ.

பரந்தன் பெடியன்:

ரெண்டு பேருக்கும் பெரிய நன்றி. ரிங்கர் அண்ணை சொன்ன மாதிரி முழுநாளும் கீழ கிடந்தன். தரைத் தகடு றைவர் பக்கம் கால் வைக்கிற இடத்தில ஓட்டை, கை போகும். இடப்பக்கம் பரவாயில்லை. குறொஸ் மெம்பர் நடுவில கணீரெண்டு கேக்குது, ஆனா வலப்பக்க முனையில ஸ்குறூ றைவர் உள்ள போட்டுது. சில் ரெண்டு பக்கமும் பொத்தினது, ஒரு பக்கம் தகட்டுக்கு மேல தகடு மூண்டு. பின் வில்லு இடங்கள் நல்லா இருக்கு, அதில ஒயில் ஊறிக் கிடந்தபடியால தப்பியிருக்கு போல.

மாமா, எஞ்சின் ஹான்டிலுக்குச் சுத்துது! முதல் அசையேல்லை, ஊற விட்டுப் பேந்து பாக்கேக்கை ஒரு பக்கம் கொஞ்சம் குடுத்துது, பிறகு முழுசாச் சுத்துது. நம்பர் 9எம் தான், புத்தகத்தில இருக்கிற அதே நம்பர். அப்பா பக்கத்தில நிண்டு பாத்துக்கொண்டு நிண்டவர், இந்த எஞ்சினைத் தானும் அப்பப்பாவும் ஒருக்காப் பிரிச்சுப் பூட்டினது எண்டு சொன்னார், எனக்கு அது அதுவரைக்கும் தெரியாது.

இப்ப கேள்வி. பற்றி பூட்டி வயறிங் பாக்கப் போனா பற்றியின்ர பிளஸ் பக்கம் பொடிக்குப் பூட்டியிருக்கு. ஆரும் மாறிப் பூட்டிப்போட்டினமோ? வயர் எல்லாம் துணி சுத்தினது, தொட்டா உதிருது. மற்றது, சிநேகிதன் ஒராள் முத்தையன்கட்டுப் பக்கம் பத்தைக்குள்ள ஒரு மைனர்க் கூடு கிடக்குது, சாமான் கழட்டலாம் எண்டு சொல்லுறான். போய்ப் பாக்கட்டோ?

மன்னார் வயறிங் அக்கா:

தம்பி, ஆரும் மாறிப் பூட்டேல்லை, அந்தக் காலத்து இங்கிலாந்துக் காருகள் பொசிற்றிவ் ஏர்த். பிளஸ் பொடிக்கு, மைனஸ்தான் வயறிங்குக்கு. அப்பிடியே பூட்டுங்கோ. தலைகீழாப் பூட்டினா டைனமோ சார்ஜ் பண்ணாது, றெகுலேற்றரும் எரியலாம். பிறகு எல்ஈடி, ரேடியோ, போன் சார்ஜர் எண்டு ஆசைப்பட்டா நெகற்றிவுக்கு மாத்தலாம், அது ஒரு பின்னேர வேலை, பிளக்குக்கு நெருப்புக் குடுக்கிற கொயிலில வயர் மாத்தி டைனமோவை ஒருக்காப் புதுத் திசைக்குப் பழக்கிறது, அதை அப்ப சொல்லித்தாறன். இப்ப அதுக்கு அவசரமில்லை.

துணி வயர் உதிருதெண்டா அந்தக் கட்டை முழுசா மாத்தத்தான் வேணும். பழைய வயறிங்கில பற்றி பூட்டி எல்லா ஸ்விச்சையும் போட்டுப் பாக்கிற வேலை செய்யாதேங்கோ, இந்தக் காருக்கு ரெண்டே ரெண்டு பியூஸ்தான், ஹெட்லைற் வயருக்குப் பியூஸே இல்லை, எங்கயாவது பொடியில தொட்டா வயர்க்கட்டே எரிஞ்சு காரும் எரியும். மாமா சொன்ன மாதிரி எஞ்சின் ஓட வச்சுப் பாக்கிறதெண்டா வேற வயர் எடுத்து பற்றியில இருந்து ஒரு பியூஸ் போட்டு கொயிலுக்கு நேர குடுங்கோ, ஸ்ராட்டருக்குத் தடிச்ச கேபிள் புதுசு. மிச்சம் எல்லாம் கழட்டின நிலையில இருக்கட்டும்.

புதுக் கட்டு வாங்காம நீங்களே கட்டலாம், நிறம் மட்டும் மாத்தாதேங்கோ. மண்ணிறம் பற்றியில இருந்து வாற எப்பவும் உயிருள்ள வயர், வெள்ளை சாவி போட்டா வாறது, பச்சை அதே சாவிக்கு பியூஸ் தாண்டி வாறது, சிவப்பு பார்க் லைற், நீலம் ஹெட்லைற், கறுப்பு ஏர்த். பழைய கட்டைக் கழட்டி எறியாம ஒரு பலகையில நீட்டி ஆணி அடிச்சு அதுக்குப் பக்கத்திலயே புதுசைக் கட்டுங்கோ, நீளம், கிளை எல்லாம் தானா வரும். ரிங்கர் அண்ணை வெல்டிங் முடிக்குமட்டும் புதுக் கட்டைக் காருக்குள்ள பூட்டக் கூடாது. வெல்டிங் நேரம் பற்றியும் டைனமோ வயரும் கழட்டியே இருக்கோணும்.

பத்தைக்குள்ள கிடக்கிற கூடு பற்றி: போகாதேங்கோ, முதல் அந்த இடம் மிதிவெடி அகற்றிக் குடுத்த இடமோ எண்டு கிராம சேவகரிட்டக் கேளுங்கோ. சண்டைக்குள்ள விட்டிட்டுப் போன வாகனம் நிண்ட இடம் எண்டா அதைச் சுத்தித்தான் என்னென்ன கிடக்குமெண்டு தெரியாது. கதவும் பொனற்றும் எங்கயும் தேடலாம். ஆற்றையோ கார், ஆக்கள் உயிரோட இருப்பினம், அவையையும் கேக்கோணும்.

முரசுமோட்டை - லண்டன்:

நானும் உங்கட பக்கம்தான் தம்பி, இப்ப இஞ்ச கன காலம். மைனர் 16 லட்சத்துக்கு மேல செய்த கார், இங்கிலாந்தில இண்டைக்கும் ஓடுது, அதால இஞ்ச சாமான் அநேகமா எல்லாம் புதுசாவே செய்து விக்கினம். கனபேருக்குத் தெரியாது, தொண்ணூறுகளில இலங்கையிலயே மைனருக்கு பொடித் தகடுகள் அடிச்சு இஞ்ச அனுப்பினவை.

ஊருக்கு வாற சொந்தக்காரர் ஆரும் இருந்தா சூட்கேசில இடம் பிடிச்சு வையுங்கோ. கேக்க வேண்டியது: நாலு சில்லுக்கும் பிறேக் சிலிண்டர், பிறேக் ஹோஸ் மூண்டு, மாஸ்டர் சிலிண்டர், பொயின்ற், கண்டென்சர், றோட்டர், எஞ்சின் கஸ்கெற் செற். பிறகு முன் சில்லுக்கு மேலயும் கீழயும் வாற டிறனியன், சில்லைத் திரும்ப விடுற மூட்டு. இந்த டிறனியனை விட்டிடாதேங்கோ. அது போல்ட் மாதிரி நூல் வெட்டின உறுப்பு, கிறீஸ் அடிக்காட்டி நூல் தேஞ்சு, ஓடிக்கொண்டிருக்கேக்கை முன் சில்லு அப்பிடியே கழண்டு மட்காட்டுக்குள்ள மடிஞ்சிடும், மைனரில ஆக்களுக்கு ஆபத்து வந்த இடம் எண்டா இதுதான். ஆயிரம் மைலுக்கு ஒருக்காக் கிறீஸ் எண்டு காரோட வந்த கையேட்டிலயே இருக்கு. கிரவல் றோட்டில ஓடுறவை அதுக்கும் முதலே அடிக்கோணும். சில்லைத் தூக்கி மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டிப் பாருங்கோ, ஆட்டம் தெரிஞ்சா மாத்துறது தவிர வேற கதை இல்லை, லேத்தில புஷ் போட்டுத் தாறன் எண்டு ஆரும் சொன்னாலும் இதில வேண்டாம்.

தகடு இஞ்ச இருந்து கொண்டு வர நினைக்காதேங்கோ, பாரமும் காசும். அங்க தகட்டு வேலை செய்யிற நல்ல ரிங்கர்மார் இருக்கினம். குறொஸ் மெம்பர் முனை மட்டும், அளவு பிசகாத உறுப்பு, அது சின்னன், அதைக் கொண்டுவரலாம்.

சாவி செற் ஒண்டு ஏஎப் எண்ட அங்குல அளவில கட்டாயம் வேணும், 7/16, 1/2, 9/16 இந்த மூண்டுமே முக்கால்வாசி வேலைக்குக் காணும். உங்கட மோட்டார் சைக்கிள் சாவிகள் மில்லிமீற்றர், 13 போட்டா 1/2க்குக் கிட்ட வந்த மாதிரி இருக்கும், கறள் பிடிச்ச போல்டில தலை வழுக்கிப் போகும்.

பரந்தன் பெடியன்:

அக்கா, பத்தைப் பக்கம் போகேல்லை, சிநேகிதனுக்கும் சொல்லிப்போட்டன். அண்ணை, மச்சான் ஒராள் சித்திரைக்கு லண்டனில இருந்து வாறார், லிஸ்ட் அனுப்பிட்டன்.

ரிங்கர் அண்ணை, இப்ப உங்களிட்டத்தான் கேள்வி. வலப்பக்கக் குறொஸ் மெம்பர் முனை, தரை, ரெண்டு சில். என்ர ஆர்க் பிளான்றால ஒட்டலாமோ? எதை முதல் வெட்டுறது? கதவு எல்லாம் கழட்டிப்போட்டு செய்தா லேசோ?

வவுனியா ரிங்கர்:

கதவு கழட்டக் கூடாது! கதவுதான் உங்கட அளவுகோல். இந்தக் காரில சில் தகட்டை வெட்டினா நடுப்பகுதி கொஞ்சம் தொய்யும், தொய்ஞ்ச நிலையில புதுச் சில் ஒட்டினா அதுக்குப் பிறகு அந்தக் கதவு வாழ்நாளுக்கும் பூட்டாது. அதால கதவு வாசலுக்குள்ள முன் தூணுக்கும் நடுத் தூணுக்கும் இடையில குறுக்கால ஆங்கிள் அயன் வச்சு இறுக்கி, காரை அச்சுக்குக் கீழ குத்தியில மட்டமா நிப்பாட்டி, ஒரு பக்கம் முழுசா முடிச்சுக் கதவு பூட்டிப் பாத்திட்டுத்தான் மற்றப் பக்கம் தொடுறது. ஒரே நேரத்தில ரெண்டு பக்கமும் வெட்டுறதில்லை.

ஆர்க் வேண்டாம் தம்பி. இந்தத் தகடு கிட்டத்தட்ட ஒரு மில்லிமீற்றர், ஆர்க் கூரால ஓட்டைதான் விழும், ஓட்டையை நிரப்ப நிரப்பப் பெருக்கும். கம்பி தானா வாற மிக் வெல்டிங்தான் சரி. காஸ் வெல்டிங்கில பித்தளை ஓட்டித் தாறன் எண்டு ஆரும் சொன்னா மட்காட்டுக்கு ஓம், குறொஸ் மெம்பருக்கு இல்லை, பாரம் தாங்கிற இடத்தில இரும்பை இரும்போட உருக்கித்தான் சேக்கோணும். தரைக்கும் கதவடிச் சில்லுக்கும் 1.2 மில்லிமீற்றர்த் தகடு. பொத்தின மூண்டு தகட்டையும் வெட்டி எறிஞ்சு, மினுங்கிற நல்ல இரும்பு வருமட்டும் பின்னுக்குப் போய், அங்க இருந்து ஒட்டுறது.

வலப்பக்கத்தில உங்களுக்கு ஒரு நல்ல வாய்ப்பிருக்கு. குறொஸ் மெம்பர் முனை செய்ய டோர்ஷன் பாரைக் கழட்டித்தான் ஆகோணும். மைனரின்ர பிறேக் மாஸ்டர் சிலிண்டர் றைவரின்ர காலுக்குக் கீழ சேஸ் பெட்டிக்குள்ள ஒளிஞ்சு கிடக்கிறது, அதின்ர போல்டைக் கழட்ட விடாம மறிச்சுக்கொண்டு நிக்கிறதே இந்த டோர்ஷன் பார்தான். தரையும் திறந்து, பாரும் கழண்டு நிக்கேக்கை மாஸ்டர் சிலிண்டரை மாத்திப் போடுங்கோ, பிறகு ஒரு நாளும் இவ்வளவு லேசா அது கையில வராது. உங்கட பெடல் நிலத்தில போற வருத்தத்துக்கும் அதோட விடிவு. பிறேக்குக்கு டொட் 3 அல்லது 4 எண்ணெய் மட்டும், எஞ்சின் ஒயிலோ மண்ணெண்ணெயோ ஒரு துளி பட்டாலும் றப்பர் எல்லாம் ஊதிப்போகும். டோர்ஷன் பாரைச் சும்மா கழட்டப் போகாதேங்கோ, அது முறுக்கேறி நிக்கிற கம்பி, கீழ்க் கைக்கு ஜக் குடுத்துப் பாரத்தை எடுத்திட்டுத்தான் போல்டில சாவி வைக்கிறது. அந்த வேலைக்கு நான் பக்கத்தில நிக்கிறன்.

பழைய பிறேக் சூ தூசியைக் காத்தால ஊதாதேங்கோ, அது அஸ்பெஸ்ரஸ், ஈரச் சீலையால துடைச்சு அந்தச் சீலையைக் கட்டி எறியுங்கோ. பழைய பெயின்றும் அப்பிடித்தான், ஈயம் கலந்திருக்கும், தண்ணி போட்டு உரஞ்சுங்கோ, சின்னப் பிள்ளையள் வளவில இருந்தா அந்தப் பக்கம் விடாதேங்கோ. பின்பக்கம் நெருப்பு வேலை வந்தா பெற்றோல் தாங்கி காரில இருக்கவே கூடாது.

காலத்தையும் பாக்கோணும். பரந்தன் உப்புக் காத்துப் படுற இடம், ஆனையிறவு பக்கத்தில. உரஞ்சி மினுங்கின இரும்பு ரெண்டு நாள் சும்மா நிண்டா சிவந்திடும், அண்டண்டைக்குச் செய்த இடத்துக்கு அண்டண்டைக்கே பிறைமர். ஐப்பசி மழை தொடங்க முன்னம் அடித்தளமும் சில் தகடும் முடிஞ்சிருக்கோணும், முடிஞ்சா சில் தகட்டுக்குள்ள மெழுகு கலந்த ஒயில் பீச்சி விட்டா மாரியைப் பற்றிப் பயமில்லை. மேல் பெயின்ற் பற்றி இந்த வருசம் யோசிக்கவே வேண்டாம். சோளகத் தூசிக்குள்ள பெயின்ற் அடிச்சா மண் ஒட்டின பெயின்ற்தான் வரும். உங்கட காசை பிறேக்கிலயும் டிறனியனிலயும் போடுங்கோ, சாம்பல் நிறப் பிறைமரோட கார் வற்றாப்பளைக்குப் போய் வரும்.

மிக் பிளான்ற் என்னட்ட இருக்கு, வாற மாசம் கிளிநொச்சியில ஒரு வேலைக்கு வாறன், முடிய உங்கட வளவுக்கு வந்து வலப்பக்கம் தொடங்கித் தாறன், பிறகு நீங்கள் பழகிச் செய்யுங்கோ. கரண்ட் வீட்டுக்குள்ள இருந்து வாற பிளக்கில இழுக்காது, மீற்றருக்குப் பக்கத்தில தனி வயர் இழுத்து வைக்கச் சொல்லி எலக்றீஷியனைப் பிடியுங்கோ. தகடு நான் வவுனியாவில வாங்கிக்கொண்டு வாறன். நீங்கள் ஆங்கிள் அயன் நாலு துண்டு வெட்டி வையுங்கோ, நாலு கதவு வாசலின்ரயும் மேல் மூலையில இருந்து கீழ் மூலைக்குக் குறுக்களவு எடுத்து இண்டைக்கே இதில எழுதிப் போடுங்கோ.